திரிபோஷா: மாவில் குறையில்லை, பங்கில்தான் குறை

கொழும்பில் தாய்மார் கிளினிக்குக்குப் போய்வரும் கர்ப்பிணியின் பையில் எச் 512 என்ற கர்ப்பகாலப் பதிவு அட்டையும் குளிசை உறைகளும் இருக்கும். கையிருப்பு இருக்கிற மாதமென்றால், அரசாங்கம் இலவசமாகத் தரும் சத்துமாவான திரிபோஷா பக்கற் இரண்டும் இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் பொருளை யாரும் மதிப்பிட்டு எழுதுவதில்லை. கடையில் விற்கும் மாப்பேணிக்கு ஆயிரம் அபிப்பிராயம் சொல்கிறவர்கள்கூட திரிபோஷாவை "கவர்மென்ட் மா" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கும் பொருளைப் பார்ப்பதுபோலவே இதையும் பார்ப்போம்: உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு வேலை செய்கிறது, எங்கே சறுக்குகிறது.

திட்டம் 1973-இல் கெயார் (CARE) என்ற சர்வதேசத் தொண்டு நிறுவனத்தின் துணையோடு தொடங்கியது. முதலில் வெளிநாட்டிலிருந்து வந்த சோள, சோயாக் கலவையையே பொதி செய்தார்கள். பிறகு உள்ளூர்ச் சோளத்தையும் சோயாவையும் கொண்டு ஜா-எலவில் உற்பத்தி நடந்தது. பெயருக்கு மூன்று போஷணை என்று பொருள்: சக்தி, புரதம், நுண்போசணை. உள்ளே இருப்பவை சோளம், சோயா அவரை, பால்மா, விற்றமின்-கனியுப்புக் கலவை. 100 கிராமில் சுமார் 400 கிலோகலோரியும் 20 கிராமளவு புரதமும் உண்டு. கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 50 கிராம் என்பது கணக்கு. ஆகவே ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 கிலோகலோரி, 10 கிராம் புரதம்.

சேர்மானம் புத்தியோடு செய்யப்பட்டது. சோளப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, சோயாவில் அது தாராளம். சோயாவில் குறைவான மெதியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தைச் சோளம் ஈடுகட்டுகிறது. பச்சைச் சோயாவில் புரதச் சமிபாட்டைத் தடுக்கும் ஒரு பொருள் இருக்கிறது. சோளத்தையும் சோயாவையும் இயந்திரத்துக்குள் அழுத்தி, உராய்வுச் சூட்டில் வேகவைத்துத் தள்ளும்போது அது பெரும்பாலும் அழிந்துவிடும். அதனால்தான் திரிபோஷாவை அடுப்பில் வைக்காமலே சாப்பிடலாம். காஸ் இல்லாத நாளிலும், காலை ஏழு மணிக்குப் புறக்கோட்டைக் கடைக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்கும், தொடர்மாடியில் ஒற்றை அடுப்பை மூன்று பேர் பங்குபோடும் வீட்டிலும் இந்த ஒரு குணமே பெரிய உதவி.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். போசாக்குக் குறைந்த சமூகங்களில் கர்ப்பிணிகளுக்குச் சக்தியும் புரதமும் சமநிலையான மேலதிக உணவு கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் புரதத்திலிருந்து வரும் சக்தி மொத்தத்தில் 25 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். திரிபோஷாவில் 20 கிராம் புரதம் 80 கிலோகலோரி தரும், அதாவது மொத்தச் சக்தியில் ஐந்தில் ஒன்று. அளவு சரியாக இருக்கிறது. புரதம் மட்டும் தூக்கலாக உள்ள மாக்களைக் கர்ப்பிணிகளுக்கு அந்த நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. வெள்ளவத்தைப் பார்மசிகளில் "தாய்க்குப் புரதம்" என்று அடுக்கி வைத்திருக்கும் பேணிகளை வாங்குமுன் இதை நினைவில் வைத்திருங்கள்.

அளவு போதுமா என்றால், முழுதாகப் போதாது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 475 கிலோகலோரி மேலதிகமாக வேண்டும், நடு மூன்று மாதத்தில் 285 அளவில். 200 என்பது அதில் ஒரு பங்குதான், மிச்சம் சட்டியிலிருந்து வர வேண்டும். இந்தியாவில் அங்கன்வாடி வழியாகக் கர்ப்பிணிக்குக் கொடுக்கும் உணவுக்கு வைத்திருக்கும் அளவு நாளொன்றுக்கு 600 கிலோகலோரி. அதோடு ஒப்பிட்டால் நம்முடையது ஒரு சிற்றுண்டி. சிற்றுண்டியைச் சாப்பாடாக நினைத்துவிடுவதுதான் முதல் பிழை. காலையில் திரிபோஷா உருண்டை இரண்டைச் சாப்பிட்டு, பாணையும் பருப்பையும் விட்டுவிட்டால் கூடுதலாக ஒன்றுமே சேரவில்லை. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு இடையில், காலை பத்து மணிக்கோ பின்னேரம் நாலு மணிக்கோ எடுத்தால்தான் அது மேலதிகம்.

இரண்டாவது பிழை பங்கு. ஒரு பக்கற் 750 கிராம். 50 கிராமாக எடுத்தால் 15 நாள் வரும், இரண்டு பக்கற் ஒரு மாதம். எவ்வளவு எளிய கணக்கு! ஆனால் வீட்டில் நாலு வயதுப் பிள்ளை இருந்தால் உருண்டை பிடிக்கும்போதே கை நீட்டும். மாமியாருக்கு ஒன்று, வேலையால் வந்த கணவருக்குத் தேத்தண்ணியோடு இரண்டு. தாய்க்குக் கடைசியில் மிஞ்சுவது விரலில் ஒட்டிய மா. பக்கற் எட்டு நாளில் முடிந்தால் வேறு யாரோ சாப்பிடுகிறார்கள். இருபத்தைந்து நாளாகியும் முடியவில்லையென்றால் தாய் சாப்பிடவில்லை. மிட்வைஃப் வீட்டுக்கு வரும்போது கேட்க வேண்டிய கேள்வி "சாப்பிடுறீங்களா" என்பதில்லை, "இந்தப் பக்கற்றை எப்ப உடைச்சீங்கள்" என்பதுதான்.

இதற்கு ஒரு சிறிய ஏற்பாடு உண்டு. பக்கற்றை உடைத்த அன்றே பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் ஒரு முறை 50 கிராம் நிறுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள ஒரு கோப்பையில் அதைக் கொட்டி, எந்த மட்டத்துக்கு வருகிறதோ அங்கே பேனையால் கோடு போடுங்கள். மேசைக்கரண்டிக் கணக்கு இந்த மாவுக்கு நம்பிக்கையில்லை. தட்டி நிரப்பினால் ஒரு நிறை, கோலி எடுத்தால் வேறு நிறை. அந்தக் கோப்பை தாயின் கோப்பை, வேறு யாருக்கும் இல்லை. பிள்ளைக்கு நிறை குறைவென்றால் அவனுக்கென்று தனிப் பக்கற் கேட்டுப் பதிவு செய்ய வழி இருக்கிறது, அதைக் கேளுங்கள். தாயின் பங்கிலிருந்து எடுத்துப் பிள்ளைக்குக் கொடுப்பது வயிற்றில் இருக்கும் பிள்ளையிடமிருந்து எடுப்பதுதான்.

சுவை பற்றி முறைப்பாடு நிறைய. சோயாவின் பச்சை வாடை, தொண்டையில் ஒட்டும் தன்மை, வயிற்றுப்பொருமல். முதல் மூன்று மாத மசக்கையில் அந்த வாடையே போதும், வாந்தி வந்துவிடும். அந்த நாட்களில் மல்லுக்கட்ட வேண்டாம். அப்போது மேலதிகச் சக்தித் தேவையும் மிகக் குறைவு. பிறகு எடுக்கும்போது வாடை உறுத்தினால் தாச்சியைச் சூடாக்கி, அடுப்பைத் தணித்து, அன்றைய 50 கிராமை மட்டும் இரண்டு நிமிடம் கிளறி இறக்குங்கள். முழுப் பக்கற்றையும் வறுத்து வைக்கக்கூடாது. சூடு தாங்காத விற்றமின்கள் போய்விடும், கொழுப்பு சீக்கிரம் சிக்குவாடை அடிக்கும்.

எல்லோருக்கும் தெரிந்தது உருண்டை. 50 கிராம் மா, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ, ஒரு மேசைக்கரண்டி சீனி அல்லது சீவிய கருப்பட்டி, ஒரு சிட்டிகை உப்பு. கொதித்து ஆறிய இளஞ்சூட்டுத் தண்ணீரை ஒரு மேசைக்கரண்டி தெளித்துப் பிசைந்து பாருங்கள், தேவையென்றால் இன்னும் ஒன்று. அதற்கு மேல் விட்டால் களியாகிவிடும், ஏனென்றால் முன்பே வெந்த மா தண்ணீரைக் கண்டதும் உறிஞ்சும். தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்ந்து இன்னும் 80 முதல் 100 கிலோகலோரி வரை தருவதால் நிறை குறைந்த தாய்க்கு இது நல்லது. கொழும்புச் சூட்டில் தேங்காய் கலந்த உருண்டை மத்தியானம் வரை தாங்காது. வேலைக்குக் கொண்டுபோகிறவர்கள் மாவையும் சீனியையும் ஒரு சிறு போத்தலில் உலர்வாக எடுத்துச் சென்று, சாப்பிடும் நேரத்தில் தண்ணீர் சேர்ப்பது பாதுகாப்பு.

கஞ்சியாக்கினால் கட்டிபடுவதுதான் தொல்லை. கொதிக்கும் தண்ணீரில் நேரே மாவைக் கொட்டினால் வெளியே வெந்து உள்ளே உலர்ந்த உருளைகளாக நிற்கும். மாவை முதலில் கால் கோப்பை ஆறிய தண்ணீரில் கரைத்து, பிறகு ஒரு கோப்பை சுடுபாலிலோ தேங்காய்ப்பாலிலோ மெதுவாக ஊற்றிக் கிளற வேண்டும். இனிப்பு ஆகாதவர்களுக்கு உறைப்பு வழி இருக்கிறது: சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, நறுக்கிய முருங்கையிலையை வதக்கி, இறக்கும் நேரத்தில் மாவைத் தூவிப் பிரட்டுவது. ரொட்டியாகச் சுடப் பார்த்தால் தனியாக ஒட்டாது, பசையுள்ள புரதம் சோளத்திலும் சோயாவிலும் இல்லை. கோதுமை மா 50 கிராமும் திரிபோஷா 50 கிராமும் தேங்காய்ப்பூவும் சேர்த்தால் நன்றாக வரும். புட்டும் அப்படித்தான்; சிவப்பரிசி மாவோடு பாதிக்குப் பாதி சேர்த்து, வழமையை விடக் குறைவாகத் தண்ணீர் தெளித்துக் குழைத்தால் உதிரியாக நிற்கும்.

அடுத்தது குளிசைகளோடு வரும் மோதல். இதைப் பக்கற்றில் யாரும் பெரிதாக எழுதிவைக்கவில்லை, ஆனால் வீட்டில் நடக்கும் பிழைகளில் இதுதான் கண்ணுக்குத் தெரியாதது. கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையில் 60 மில்லிகிராமளவு இரும்பு இருக்கிறது. அதைத் திரிபோஷாக் கஞ்சியோடு விழுங்கினால் சோளத்திலும் சோயாவிலும் இயற்கையாக உள்ள பைற்றேற் என்ற பொருளும் பாலின் கல்சியமும் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாது. தேத்தண்ணியும் அதே வேலையைச் செய்யும். கொழும்பில் பிளேன்ரீ இல்லாமல் எந்த மணித்தியாலமும் போவதில்லை என்பதால் இங்கே இது சின்ன விடயமில்லை. பொருத்தமான ஒழுங்கு இது: கல்சியம் பகல் சாப்பாட்டுக்குப் பின், திரிபோஷா பத்து மணி அல்லது நாலு மணி, இரும்பு இரவு படுக்கைக்குப் போகுமுன் விற்றமின் சி குளிசையோடு. இரும்புக்கு முன்னும் பின்னும் ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி வேண்டாம். இரவில் எடுத்தால் குமட்டலும் தூக்கத்தில் போய்விடும். மலம் கறுப்பாகப் போவது வழமைதான், அதைக் கண்டு நிறுத்திவிடாதீர்கள்.

மா செறிவூட்டப்பட்டதுதானே, குளிசை எதற்கு என்று கேட்பார்கள். மாவில் சேர்க்கும் இரும்பு கர்ப்பகாலத் தேவைக்கு ஒரு துணை மட்டும். மேலே சொன்ன காரணத்தால் அதிலும் உறிஞ்சப்படுவது குறைவு. ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 11 கிராமுக்குக் கீழே இருக்கிற தாயை மா மீட்டெடுக்காது. முதல் மூன்று மாதம் கடந்தபின் தரும் பூச்சிக் குளிசையையும் தட்டிக்கழிக்கக்கூடாது. கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தால் எதைக் கொட்டினாலும் ஓட்டைப் பானைதான். கல்சியம் லக்ரேற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை: 300 மில்லிகிராம் குளிசையில் தனிக் கல்சியம் ஏறத்தாழ 39 மில்லிகிராம்தான். ஒரு தம்ளர் பாலில் அதைப்போல ஐந்தாறு மடங்கு இருக்கிறது. குளிசையை எடுங்கள், ஆனால் நெத்தலியையும் தயிரையும் நிறுத்திவிடாதீர்கள்.

உலகில் வேறு வழிகளும் நடக்கின்றன. 15 நுண்போசணைகளை ஒரே குளிசையில் அடக்கிய கலவை 2021-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. அதில் இரும்பு 30 மில்லிகிராம். விற்றமின் குறையை அது நிரப்பும், வயிற்றை நிரப்பாது. தட்டில் சோறு குறைந்த வீட்டுக்கு மாவுக்கு மாற்று மாவுதான்.

இந்தப் பொருளின் உண்மையான பலவீனம் தொடர்ச்சி. சோளம் இல்லையென்றால் திரிபோஷா இல்லை. 2021, 2022-இல் சோளத் தட்டுப்பாடு வந்தபோது மாதக்கணக்கில் தாய்மார் வெறுங்கையோடு திரும்பினார்கள். 2022-இல் அஃப்லாரொக்சின் பிரச்சினையும் எழுந்தது. 6 மாதம் முதல் 3 வயது வரையான பிள்ளைகளுக்கான உற்பத்தியை நிறுத்த வேண்டியதாயிற்று, அவர்களுக்குரிய எல்லை அளவு மிக இறுக்கமானது என்பதால். அஃப்லாரொக்சின் ஒருவகைப் பூஞ்சணத்தின் நஞ்சு. ஈரம் காயாமல் களஞ்சியப்படுத்திய சோளத்தில் அது ஊறும், வீட்டு அடுப்புச் சூட்டில் அழியாது. தொழிற்சாலைக்கு வரும் சோளத்தின் ஈரத்தைத் தாய் பரிசோதிக்க முடியாது. ஆனால் வீட்டுக்கு வந்தபின் அவள் கையில் சில விடயங்கள் இருக்கின்றன.

பக்கற் வாங்கும்போதே ஓரத்து ஒட்டு பிரிந்திருக்கிறதா, காலாவதித் திகதி தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே கட்டிபட்டிருந்தால், சாம்பல் அல்லது பச்சைப் புள்ளி தெரிந்தால், பழைய எண்ணெய் வாடை அடித்தால், வாயில் வைத்ததும் கசந்தால் அரித்து எடுத்துச் சாப்பிடாதீர்கள். தொகுதி இலக்கத்தோடு பக்கற்றை அப்படியே கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள், வெறும் வாய்முறைப்பாட்டுக்குப் பலன் குறைவு. உடைத்த பக்கற்றை ரப்பர் வளையம் போட்டு வைப்பது கொழும்பு ஈரக்காற்றுக்குப் போதாது. மூடி இறுகும் பேணியில், உறையோடு வைத்து, உலர்ந்த கரண்டி மட்டும் போட வேண்டும். மட்டக்குளி, கிராண்ட்பாஸ் பக்கத்துத் தாழ்ந்த வீடுகளில் மழைக்காலத்தில் நிலத்தில் வைத்த பேணிக்கு அடியிலிருந்தே ஈரம் ஏறும், பலகைத் தட்டில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியிலும் வேண்டாம். வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே தண்ணீர் பூக்கும்.

கிளினிக்கில் "இந்த மாதம் வரவில்லை" என்றால் அந்த 200 கிலோகலோரியையும் 10 கிராம் புரதத்தையும் எப்படி ஈடுகட்டுவது? ஒரு அவித்த முட்டையும் ஒரு கைப்பிடி, அதாவது 20 கிராம் கச்சானும் கிட்டத்தட்ட அந்தக் கணக்குக்கு வந்துவிடும். சைவக்காரர்களுக்கு 50 கிராம் பயறை அவித்துத் தேங்காய்ப்பூ தூவினால் புரதம் 12 கிராம் வரை வரும். விரத நாளில் ஒரு வேளையை விடுகிறவர்களும் குறைந்தது இதையாவது விடாதீர்கள். கச்சானிலும் நிறம் மாறிய, சுருங்கிய பருப்பைப் பொறுக்கி வீசுங்கள், சோளத்தில் வரும் அதே நஞ்சு அதிலும் வரும். பயறு, கௌபி, கடலையை நான்காம் குறுக்குத் தெரு மொத்தக் கடைகளில் இரண்டு மூன்று வீடு சேர்ந்து வாங்கினால் கட்டுபடியாகும். உலர்ந்த நெத்தலி நல்ல சாமான், ஆனால் உப்புக் கூட. இரண்டு தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள், பிரஷர் உள்ளவர்கள் கட்டாயமாக.

கடை மாற்று என்று பார்த்தால் சமபோஷா எல்லாக் கடையிலும் கிடைக்கும்: சோளம், அரிசி, சோயா, பயறு சேர்ந்தது. சுவையிலும் வாசத்திலும் அது முன்னால் நிற்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. வாங்க வசதியிருந்தால் வாங்கலாம். கடன்பட்டு வாங்க வேண்டிய அவசியம் இல்லை, அந்தக் காசுக்கு முட்டையும் பயறும் கூட வரும். தாய்மாருக்கென்று விற்கும் விலைகூடிய பால்மாக்களைப் பற்றியும் எங்கள் தீர்ப்பு இதேதான்.

யாருக்கு இது பொருந்தாது? பால் அல்லது சோயா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு. கர்ப்பகால நீரிழிவு உள்ளவர்கள் சீனியும் கருப்பட்டியும் இல்லாமல் உறைப்பாக, அளவைக் கிளினிக்கில் கேட்டு எடுக்க வேண்டும். 24 முதல் 28 வாரத்துக்குள் செய்யும் குளுக்கோஸ் பரிசோதனைக்குப் பிறகு இந்தக் கேள்வி எழும். கர்ப்பத்துக்கு முன்பே நிறை கூடியவர்களுக்கு இந்த மேலதிகச் சக்தி தேவையில்லை. "ரெண்டு பேருக்குச் சாப்பிடு" என்ற வீட்டு உபதேசம் அவர்களுக்குத்தான் அதிகம் கேடு. நிறையை உயரத்தோடு ஒப்பிடும் உடற்திணிவுச் சுட்டி (BMI) 18.5-க்குக் கீழே என்றால் முழுக் கர்ப்பத்திலும் 12.5 முதல் 18 கிலோ வரை ஏற வேண்டும். 18.5 முதல் 24.9 என்றால் 11.5 முதல் 16. அதற்கு மேல் 29.9 வரை 7 முதல் 11.5. 30-ஐத் தாண்டினால் 5 முதல் 9 போதும். இந்தச் சுட்டியைக் கணக்கிட ஆரம்ப வார நிறை வேண்டும். எட்டு வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஐந்தாம் மாதம் போய் நின்றால் எங்கிருந்து ஏறியது என்று யாருக்குத் தெரியும்?

மா வேலை செய்கிறதா என்பதை எச் 512 அட்டையிலுள்ள நிறை வரைபடம் சொல்லும். நடு மாதங்களிலிருந்து சாதாரண நிறையுள்ள தாய்க்கு வாரத்துக்கு 400 கிராமளவு ஏற வேண்டும், நிறை குறைந்தவருக்கு அரைக் கிலோ. இரண்டு கிளினிக் தொடர்ந்து கோடு படுத்திருந்தால் பக்கற்றை அதிகமாகக் கேட்பதற்கு முன் பங்கையும் நேரத்தையும் பாருங்கள். அதே அட்டையை வைத்துத்தான் அரசாங்கத்தின் போசாக்குக் கொடுப்பனவுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். 2015-இல் மாதம் 2,000 ரூபாய் வீதம் பத்து மாதத்துக்கு என்று தொடங்கிய திட்டம் அது, தொகை பிறகு மாறியிருக்கிறது. பிந்திப் பதிந்தால் அந்த மாதங்கள் போனதுதான்.

வாடகை வீடு மாறுகிறவர்களுக்கு ஒன்று. கொழும்பு மாநகர சபை எல்லைக்குள் கிளினிக்குகளை நடத்துவது மாநகர சபையின் சுகாதாரப் பிரிவு. எல்லைக்கு வெளியே, தெஹிவளைக்கோ வத்தளைக்கோ போனால் வேறு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. பழைய இடத்து மிட்வைஃபிடம் சொல்லி, அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டு போகாவிட்டால் புதிய இடத்துப் பட்டியலில் பெயர் ஏறும்வரை பக்கற் கிடைக்காது. பிரசவத்துக்குத் தாய் வீடு போகிறவர்களும் இதைச் செய்ய வேண்டும். பிள்ளை பிறந்தபின் பாலூட்டும் முதல் ஆறு மாதத்துக்கும் தாய்க்கு திரிபோஷா உண்டு. அதைத்தான் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.